‘இன்றைக்கு மூடியிருக்கிறது’ என்று வாசலில் யாராவது சொன்னால்

வெளிநாட்டில் புராதன இடங்களைப் பார்க்கப் போகிறவர்களை ஏமாற்றுகிறவர்கள் ஊர் முழுக்க அலைவதில்லை. வண்டியிலிருந்து இறங்கும் இடத்துக்கும் டிக்கெட் கவுன்ட்டருக்கும் நடுவே இருக்கிற இருநூறு, முந்நூறு மீட்டர்தான் அவர்களுடைய களம். அந்தத் தூரத்தை நடந்து கடக்கும்போது புதிதாக வந்தவருக்கு மூன்று விஷயங்கள் தெரிந்திருக்காது. இன்று திறந்திருக்கிறதா, கட்டணம் எவ்வளவு, எந்த வாசல் வழியாகப் போவது? இந்த மூன்றையும் சொல்லித் தருகிற சாக்கில்தான் ஒருவர் வந்து பக்கத்தில் நிற்பார். இவற்றை அறையை விட்டுக் கிளம்பும் முன்பே தெரிந்துவைத்துக்கொள்வதுதான் இந்தக் கட்டுரை சொல்லும் வழி. மற்றவை எல்லாம் அதிலிருந்து கிளைப்பவை.

முதல் படி: டிக்கெட்டை யாரிடம் வாங்குகிறீர்கள்?

தேடுபொறியில் ஒரு கோட்டையின் பெயரையோ அரண்மனையின் பெயரையோ போட்டு ‘டிக்கெட்’ என்று தேடினால், மேலே வரும் முதல் சில முடிவுகள் பெரும்பாலும் விளம்பரங்கள். தளத்தின் பெயரிலேயே அந்த இடத்தின் பெயர் இருக்கும், முகப்பும் அரசாங்கத் தளம் போலவே இருக்கும். ஆனால் அது மறுவிற்பனை செய்யும் நிறுவனமாக இருக்கலாம். கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு. ஐந்தாறு நாட்டு நாணயங்களில் விலை மாற்றிக் காட்டுவது, ஒரே தளத்தில் பத்து நகரங்களின் டிக்கெட்டுகளை விற்பது, டிக்கெட்டுக்குப் பதிலாக ‘வவுச்சர்’ தருவது. வவுச்சர் என்றால் அன்று காலை ஏதோ ஒரு தெருமுனையில் கொடி பிடித்து நிற்கும் ஆளைத் தேடிப்பிடித்து நிஜ டிக்கெட்டாக மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அர்த்தம். அந்த ஆள் வராவிட்டால் உங்கள் நேரமும் போயிற்று, பணமும் போயிற்று. மறுவிற்பனை செய்பவர்கள் எல்லோரும் மோசடிக்காரர்கள் இல்லை. வழிகாட்டியோடு சேர்த்து நேர்மையாக விற்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அதிகாரபூர்வ விலை என்ன என்று முதலில் பார்த்துவிட்டு, கூடுதல் பணம் எதற்கு என்று கேட்டு வாங்குங்கள். அந்த நாட்டின் சுற்றுலாத் துறைத் தளத்திலிருந்தோ பண்பாட்டு அமைச்சகத்தின் தளத்திலிருந்தோ இணைப்பைப் பிடித்துப் போனால் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்வீர்கள்.

சில இடங்களில் டிக்கெட்டே ஆளோடு கட்டப்பட்டிருக்கும். ரோம் கொலோசியத்தின் டிக்கெட்டில் 2023 அக்டோபர் முதல் பெயர் அச்சாகிறது. வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஆகவே தெருவில் நின்று ‘என்னிடம் இரண்டு உபரியாக இருக்கிறது’ என்று சொல்பவரிடம் வாங்குவது வீண். அதே டிக்கெட்டில் பக்கத்திலிருக்கும் ரோமன் ஃபோரமும் பலட்டைன் குன்றும் அடக்கம். அவற்றுக்குத் தனியாக விற்க வருபவர் உங்கள் அறியாமையைத்தான் விற்கிறார். ஸ்பெயினின் அல்ஹம்ப்ரா கோட்டை அரண்மனையிலும் பாஸ்போர்ட் வேண்டும். அதற்குள்ளே இருக்கும் நஸ்ரித் அரண்மனைகளுக்கு டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தைத் தவறவிட்டால் உள்ளே விடமாட்டார்கள்.

பெய்ஜிங்கில் ‘தடைசெய்யப்பட்ட நகரம்’ எனப்படும் பழைய பேரரசர் அரண்மனைக்கு ஏழு நாள் முன்பிருந்துதான் முன்பதிவு. பாஸ்போர்ட் எண் கொடுத்துப் பதிய வேண்டும். கட்டணம் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை 60 யுவான், மற்ற மாதங்களில் 40. கம்போடியாவின் அங்கோர் கோயில்களுக்கு ஒரு நாள் சீட்டு 37 டாலர், மூன்று நாள் 62, ஏழு நாள் 72. கவுன்ட்டரில் வாங்கினால் அங்கேயே உங்களைப் படம் பிடித்துச் சீட்டில் அச்சடித்துத் தருவார்கள். ‘பாதி நாள் மிச்சமிருக்கிற சீட்டு’ என்று ஓட்டலில் யாராவது விலை சொன்னால், அதில் வேறொருவர் முகம் இருக்கும். ஒவ்வொரு கோயில் வாசலிலும் அதைச் சோதிக்கிறார்கள். மூன்று நாள் சீட்டைப் பத்து நாளுக்குள் விட்டுவிட்டுப் பயன்படுத்தலாம் என்பதால், நடுவே ஒருநாள் ஓய்வெடுத்தாலும் பணம் போகாது.

‘வரிசையில் நிற்காமல் உள்ளே போகலாம்’ என்று விற்கப்படும் டிக்கெட் தாண்டிச் செல்வது டிக்கெட் வாங்கும் வரிசையை மட்டும்தான். பையைச் சோதிக்கும் பாதுகாப்பு வரிசையில் எல்லோரும் நின்றே ஆக வேண்டும்.

இரண்டாம் படி: முந்தின இரவு எழுதிவைக்க வேண்டியது

ஒரு சிறு தாளிலோ கைபேசியிலோ ஐந்து வரி எழுதுங்கள். திறக்கும் நேரம், கடைசியாக உள்ளே விடும் நேரம், கட்டணம், வாசல் இருக்கும் தெருவின் பெயர், உடை விதி. கடைசியாக உள்ளே விடும் நேரமும் மூடும் நேரமும் ஒன்றல்ல, பல இடங்களில் ஒரு மணி நேரம் வித்தியாசம் இருக்கும். வாசலின் பெயரை அந்த நாட்டு எழுத்திலேயே படமாகச் சேமித்துக்கொண்டால் டாக்ஸி ஓட்டுநரிடம் காட்டலாம். வரைபடத்தையும் இணையம் இல்லாமல் திறக்கும்படி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வார விடுமுறையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பாரிஸின் லூவர் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். ஓர்சே அருங்காட்சியகத்துக்கும் வெர்சாய் அரண்மனைக்கும் திங்கள் விடுமுறை. இஸ்தான்புல்லின் டோப்காபி அரண்மனைக்குச் செவ்வாய். தடைசெய்யப்பட்ட நகரத்துக்குத் திங்கள். வத்திக்கான் அருங்காட்சியகங்கள் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் திறப்பதில்லை.

எது இலவசம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வத்திக்கானில் புனித பேதுரு பேராலயத்துக்குள் போகக் கட்டணம் இல்லை, பாதுகாப்புச் சோதனை வரிசை மட்டும்தான். அருங்காட்சியகங்களும் சிஸ்டைன் சிற்றாலயமும் மதிலைச் சுற்றி நடந்துபோக வேண்டிய வேறொரு வாசலில் இருக்கின்றன, அவற்றுக்குத்தான் டிக்கெட். சதுக்கத்தில் திரியும் தரகர்கள் இந்த இரண்டையும் குழப்பித்தான் பிழைக்கிறார்கள். இஸ்தான்புல்லின் நீல மசூதியும் இலவசம், தொழுகை நேரத்தில் மட்டும் பார்வையாளர்களை நிறுத்திவைப்பார்கள். எதிரே இருக்கும் ஹேகியா சோஃபியாவில் 2024 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுப் பயணிகள் 25 யூரோ கொடுத்து மேல்தளத்தைப் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டவருக்குக் கூடுதல் கட்டணம் என்று பலகையில் போட்டிருந்தால் அது ஏமாற்றுவேலை இல்லை. பாங்காக் அரண்மனையில் வெளிநாட்டவர் 500 பாட் கட்டுகிறார்கள், தாய்லாந்து மக்கள் இலவசமாகப் போகிறார்கள். அவர்களுடைய வரிப்பணத்தில் பராமரிக்கப்படும் இடம் அது. கவுன்ட்டரில் பேரம் பேசுவதும் சண்டை போடுவதும் நியாயமும் இல்லை, பலனும் இல்லை.

மூன்றாம் படி: வண்டி

மீட்டர் ‘ரிப்பேர்’ என்று சொன்னால் இறங்கிவிடுங்கள். பாரிஸ், ரோம், ஏதென்ஸ் போன்ற நகரங்களில் விமான நிலையத்திலிருந்து நகர மையத்துக்கு அரசு நிர்ணயித்த ஒரே கட்டணம் உண்டு. நிலையத்தின் தளத்திலேயே அது போட்டிருக்கும். வருகைக் கூடத்துக்குள் வந்து ‘டாக்ஸி?’ என்று கேட்பவரோடு போகாமல் வெளியே இருக்கும் டாக்ஸி வரிசைக்குப் போனால் போதும்.

பணம் கொடுக்கும்போது கவனம் தேவை. நீங்கள் நீட்டிய பெரிய நோட்டை ஓட்டுநர் கண்ணிமைக்கும் நேரத்தில் அதே நிறமுள்ள சிறிய நோட்டாக மாற்றிக் காட்டி, ‘நீங்கள் கொடுத்தது இதுதான்’ என்பார். நோட்டைக் கொடுக்கும்போதே அதன் மதிப்பை உரக்கச் சொல்லிக் கொடுங்கள். சில்லறை கைக்கு வந்த பிறகு பெட்டியை இறக்குவதை விட, பெட்டியை இறக்கிக்கொண்டு பிறகு பணம் கொடுப்பது நல்லது.

சைக்கிள் ரிக்‌ஷா, குதிரை வண்டி போன்றவற்றில் தொகையை வாயால் பேசி முடிக்காதீர்கள். தடைசெய்யப்பட்ட நகரத்தின் வடக்கு வாசலில் வெளியேறும்போது ரிக்‌ஷாக்காரர் மூன்று விரலைக் காட்டுவார். நீங்கள் முப்பது என்று நினைப்பீர்கள், இறங்கும்போது முந்நூறு என்பார். எண்ணை எழுதி, எந்த நாணயம், ஆளுக்கா வண்டிக்கா, போகவா போய்வரவா என்று நான்கையும் காட்டி ஒப்புக்கொள்ள வைத்த பிறகு ஏறுங்கள்.

நான்காம் படி: அந்த முந்நூறு மீட்டர்

பாங்காக் அரண்மனையில் நடப்பதைப் பார்த்தால் இந்தத் தொழிலின் அமைப்பு முழுக்கப் புரியும். மதில் ஓரமாக நடக்கும்போது, சலவைச் சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஒருவர் எதிரே வருவார். ‘அரண்மனை காலையில் மூடியிருக்கிறது, பிக்குகளின் பூஜை நடக்கிறது, மதியத்துக்கு மேல் திறப்பார்கள்’ என்பார். குரலில் அவசரமே இருக்காது. உங்கள் வரைபடத்தை வாங்கி, அதற்குள் பார்த்துவிட்டு வரச் சொல்லி ஒரு பெரிய நின்ற புத்தர், ஓர் அதிர்ஷ்ட புத்தர் என்று வட்டம் போட்டுத் தருவார். அந்தச் சமயத்தில் ஒரு டுக்டுக், அதாவது அந்த ஊர் ஆட்டோ, வந்து நிற்கும். எல்லா இடத்துக்கும் சேர்த்து இருபது பாட் என்பார் ஓட்டுநர். அந்தக் கோயிலில் எதேச்சையாகச் சந்திப்பது போல் இன்னொருவர் வந்து, இன்றோடு முடியும் அரசாங்க ரத்தினக் கல் விற்பனை பற்றிச் சொல்வார். முதல் ஆள், ஓட்டுநர், கோயிலில் சந்தித்தவர், கடைக்காரர் எல்லோரும் ஒரே சங்கிலி. இருபது பாட்டுக்கு ஓட்டும் டுக்டுக்குக்குக் கடையிலிருந்துதான் பெட்ரோல் கூப்பனும் கமிஷனும் வருகிறது. கல் கண்ணாடியாக இருக்காது, நிஜக் கல்தான். விலைதான் பல மடங்கு. ஊரில் விற்று லாபம் பார்க்கலாம் என்ற பேச்சுத்தான் பொய்.

இங்கே உங்களைக் காப்பாற்றுவது தாளில் எழுதிய அந்த ஒரு வரி. அரண்மனையில் காலை 8.30 முதல் மாலை 3.30 வரை டிக்கெட் தருகிறார்கள், வாரவிடுமுறை கிடையாது. அரச சடங்குகளுக்காக மூடும் நாட்கள் அதிகாரபூர்வத் தளத்தில் முன்கூட்டியே வரும். எனவே யார் என்ன சொன்னாலும் நா ப்ரா லான் சாலையில் இருக்கும் பெரிய வாசல் வரைக்கும் நடந்து போய்விட வேண்டும். நிஜமாகவே மூடியிருந்தால் அதை வாசலில் நிற்கும் சீருடைக் காவலர் சொல்வார், நூறு மீட்டர் தள்ளி நிற்பவர் சொல்ல வேண்டியதில்லை. தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்திப் போவதும் அவசியம். ‘இந்த உடையில் உள்ளே விடமாட்டார்கள்’ என்று துணி விற்க வருபவருக்கும் அதற்குப் பிறகு வேலை இருக்காது.

இதே சங்கிலி மற்ற ஊர்களில் வேறு வேஷத்தில் வரும். பெய்ஜிங்கின் தியனன்மென் பக்கம், ஆங்கிலம் பேசிப் பழக வேண்டும் என்று சிரித்தபடி வரும் இளைஞர்கள் தேநீர் அருந்தக் கூப்பிடுவார்கள். தனி அறை, விலைப்பட்டியல் தெரியாத தேநீர் வகைகள், கடைசியில் மலைக்கவைக்கும் பில். கூடவே குடித்தவர்கள் தங்கள் பங்கைக் கொடுப்பது போல நடிப்பார்கள். பெருஞ்சுவரின் படாலிங் பகுதிக்குப் போகும் 877ஆம் எண் பேருந்தைப் பிடிக்கத் தேஷெங்மென் போனால், ‘இன்று பேருந்து ஓடவில்லை’ என்று சீருடை போன்ற உடையில் ஒருவர் சொல்லித் தன் வண்டிக்கு அழைப்பார். பேருந்து அதற்குள் அடுத்த திருப்பத்தில் ஆளேற்றிக்கொண்டிருக்கும்.

பாரிஸின் சாக்ரே கேர் ஆலயப் படிகளின் அடியில் நிற்பவர்கள் பேச்சுக்கே நேரம் கொடுக்காமல் விரலைப் பிடித்து நூலைச் சுற்றிவிடுவார்கள். முடிச்சு இறுகியதும் பணம். அந்த இடத்தைக் கைகளைப் பைக்குள் விட்டபடி நடந்து கடக்க வேண்டும். லூவர் பக்கம் மனுவில் கையெழுத்துக் கேட்கும் இளம்பெண்களின் அட்டை உங்கள் பையின் வாய்க்கு மேலே நீட்டப்படும். அட்டைக்கு அடியில் இன்னொரு கை வேலை செய்யும். மூன்று கிண்ணத்தில் பந்தைக் கண்டுபிடிக்கும் சூதாட்டத்தில் ஜெயித்துக்கொண்டிருக்கும் அத்தனை பேரும் அவர்களுடைய ஆட்கள்தான்.

கெய்ரோ பக்கம் பிரமிடுகள் இருக்கும் கீசாவில் உள்ளே நுழைந்த பிறகும் ‘டிக்கெட்டைக் காட்டுங்கள்’ என்று ஒருவர் அதிகாரத்தோடு கேட்பார். கையில் கொடுத்தால் திருப்பித் தராமல் முன்னே நடந்தபடி விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவார், முடிவில் வழிகாட்டிக் கூலி கேட்பார். டிக்கெட்டைத் தூக்கிக் காட்டுங்கள், கையைவிட்டு விடாதீர்கள்.

மறுப்பதற்கும் ஒரு முறை உண்டு. நின்றால் பேச்சு நீளும், ஆகவே நடையை நிறுத்தக் கூடாது. ‘எந்த நாடு?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாது, உரையாடல் அங்கேதான் தொடங்கும். மன்னிப்புக் கேட்டுக் காரணம் சொன்னால் அந்தக் காரணத்துக்கு மறுமொழி தயாராக இருக்கும். அந்த நாட்டு மொழியில் ‘வேண்டாம், நன்றி’ என்பதை ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். இதனால் வெளியூர் மனிதர்கள் எல்லோரையும் சந்தேகிக்க வேண்டும் என்று ஆகிவிடாது. வழி கேட்க வேண்டுமென்றால் நீங்களே ஒருவரைத் தேர்ந்தெடுத்துக் கேளுங்கள். பூக்கடைக்காரர், மருந்துக் கடையில் இருப்பவர், குழந்தையோடு போகும் தாய் என்று நீங்கள் தேடிப்போய்க் கேட்டவர் உங்களுக்காகக் காத்திருந்தவர் இல்லை. அனேகமாக எல்லோரும் மனமுவந்து உதவுவார்கள்.

ஐந்தாம் படி: உள்ளே போன பிறகு

நல்ல வழிகாட்டி கிடைத்தால் கற்குவியல் கதை சொல்ல ஆரம்பித்துவிடும், ஆகவே அந்தச் செலவை மிச்சம்பிடிக்க வேண்டியதில்லை. உரிமம் பெற்றவரிடம் படம் ஒட்டிய அட்டை இருக்கும், கேட்டால் காட்டுவார். எத்தனை மணி நேரம், மொத்தத் தொகை, நுழைவுக் கட்டணம் அதில் அடக்கமா, கடைகளுக்குக் கூட்டிப்போவாரா என்று கேளுங்கள். ‘கடைக்கு வேண்டாம்’ என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பல வழிகாட்டிகள் தொகையைக் கொஞ்சம் கூட்டுவார்கள். அது நியாயமான பேச்சு, ஒப்புக்கொள்ளலாம்.

ஜோர்டானின் பழைய நகரமான பெட்ராவில் நுழைவுச்சீட்டின் விலையிலேயே மலையிடுக்கின் வாய் வரைக்கும் குதிரைச் சவாரி அடக்கம். ‘இலவசம்’ என்று ஏற்றிக்கொண்டு இறக்கும்போது பெரிய தொகை கேட்பார்கள். ஏறுவதற்கு முன்பே அன்பளிப்பு எவ்வளவு என்று பேசிக்கொள்ளுங்கள், அல்லது நடந்துவிடுங்கள், தூரம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. கீசாவில் ஒட்டகத்தில் ஏறுவது மலிவு, இறங்குவதுதான் விலை. முழுத்தொகையையும் தரையில் கால் பட்ட பிறகே கொடுக்க வேண்டும். காவலாளியே கயிற்றைத் தாண்டி வரச் சொல்லி ‘நல்ல படம் எடுக்கலாம்’ என்று கூப்பிட்டால் போகாதீர்கள். காசு போவது சின்ன விஷயம், பல ஆயிரம் வருடத்து ஓவியத்தில் முதுகு உரசுவது பெரிய விஷயம்.

அங்கோருக்குப் பக்கத்து ஊரான சியம் ரீப்பில் குழந்தையை இடுப்பில் வைத்தபடி ஒரு பெண் பணம் வேண்டாம், பால்மாவு வாங்கித் தாருங்கள் என்று கடைக்கு அழைத்துப்போவார். நீங்கள் போனதும் டின் கடைக்கே திரும்பிவிடும், பணத்தைப் பங்கு பிரித்துக்கொள்வார்கள். குழந்தைகளுக்கு உதவ வேண்டும் என்று தோன்றினால் அங்கே இயங்கும் மருத்துவமனைகளுக்குக் கொடுக்கலாம்.

ஆறாம் படி: வாங்குவது

எகிப்தில் பாப்பிரஸ் (ஒருவகைக் கோரைப்புல்லில் செய்யும் பழங்காலத் தாள்) என்ற பெயரில் வாழைநாரில் செய்த தாளை விற்கிறார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். நிஜப் பாப்பிரஸில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அடுக்குப் பட்டைகள் தெரியும், பட்டையின் அகலமும் நிறமும் ஒன்றுபோல் இருக்காது. மெல்லச் சுருட்டினால் வளைந்து கொடுத்து மறுபடி விரியும். போலியை வளைத்தால் நொறுங்கும் சத்தம் கேட்கும்.

பழைய காசு, சிலைத்துண்டு, ஓட்டுச் சில்லு எதையும் வாங்காதீர்கள், தரையில் கிடப்பதையும் எடுக்காதீர்கள். போலியாக இருந்தால் பணம் மட்டும் போகும். நிஜமாக இருந்தால் எகிப்து, துருக்கி போன்ற நாடுகளில் விமான நிலையத்திலேயே கைதாக நேரிடும். இத்தாலியில் தெருவில் விரித்து விற்கும் போலிப் பிராண்டுக் கைப்பை வாங்கினால் வாங்கியவருக்கே 300 யூரோவிலிருந்து அபராதம்.

சாப்பாட்டில் கவனிக்க ஒன்றே ஒன்று. மீனுக்கு எதிரே போட்டிருக்கும் விலை பல கடற்கரை ஊர்களில் 100 கிராமுக்கு. சமைப்பதற்கு முன் எடை போட்டு மொத்தத்தைச் சொல்லச் சொல்லுங்கள்.

ஏழாம் படி: பணம்

கார்டைத் தேய்க்கும்போது இயந்திரம் ‘உங்கள் நாட்டு நாணயத்தில் கட்டலாமா?’ என்று கேட்கும். எப்போதும் அந்த ஊர் நாணயத்தைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் நாணயத்தைத் தொட்டால் கடைக்காரரின் வங்கி தன் இஷ்டப்படி மாற்று விகிதம் போடும். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும், ‘மாற்று விகிதத்தை ஏற்கவில்லை’ என்று அழுத்தினாலும் பணம் வரும். பயணிகள் கூடும் தெருவில் தனியாக நிற்கும் ஏடிஎம்மை விட வங்கிக் கிளைக்குள் இருப்பதைப் பயன்படுத்துங்கள்.

நாணயம் மாற்றும் கடையில் ‘கமிஷன் இல்லை’ என்ற பலகைக்கு அர்த்தமே இல்லை, விகிதத்திலேயே எடுத்துக்கொள்வார்கள். பெரிதாக எழுதியிருப்பது அவர்கள் விற்கும் விலையாக இருக்கும். ‘இந்த நோட்டுக்கு என் கையில் எவ்வளவு தருவீர்கள்?’ என்று கேட்டு எழுதி வாங்கிய பிறகே பணத்தைத் தள்ளுங்கள். செக் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் ஒரு நல்ல சட்டம் இருக்கிறது. 1000 யூரோ மதிப்பு வரைக்குமான மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு போய் ரத்து செய்து பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். பிராக் நகரில் ஏமாந்தவர்கள் பலர் இது தெரியாமலே ஊர் திரும்புகிறார்கள்.

ஏமாந்துவிட்டால்

சாதாரண உடையில் வந்து ‘போலீஸ், கள்ள நோட்டுச் சோதனை, பர்ஸைக் காட்டுங்கள்’ என்பவரிடம் பர்ஸைக் கொடுக்காதீர்கள். ஸ்டேஷனுக்கு நடந்தே போகலாம் என்று சொல்லுங்கள், அனேகமாக ஆள் மறைந்துவிடுவார். உதவிக்கு அழைக்க வேண்டிய எண் ஐரோப்பாவில் 112, தாய்லாந்தின் சுற்றுலா போலீசுக்கு 1155, எகிப்தின் சுற்றுலா போலீசுக்கு 126.

மிரட்டிப் பணம் கேட்கும் மூடிய அறையில் இருந்தால் வாதாட வேண்டாம். கார்டில் கட்டிவிட்டு, ரசீதை வாங்கிக்கொண்டு, வெளியே வந்ததும் வங்கியை அழையுங்கள். கடையின் பெயர்ப்பலகை, தெருப் பெயர், பில் மூன்றையும் படமெடுத்து, அன்றைக்கே காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்து அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். பயணக் காப்பீட்டு நிறுவனமும் வங்கியும் முதலில் கேட்பது அந்த நகலைத்தான். திருடு போனதைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் புகார் செய்திருக்க வேண்டும் என்று பல காப்பீடுகளில் நிபந்தனை உண்டு, அந்தக் கெடு 24 மணி நேரமாகக்கூட இருக்கலாம்.

பாஸ்போர்ட் போனால் இந்தப் புகார் நகலோடு உங்கள் நாட்டுத் தூதரகத்துக்குப் போக வேண்டும். அப்போது பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், விசா ஆகியவற்றின் பிரதிகளும் இரண்டு புகைப்படமும் வேறொரு பையில் இருந்தால் தற்காலிக ஆவணம் சீக்கிரம் கிடைக்கும். இருசக்கர வண்டியோ படகோ வாடகைக்கு எடுக்கும்போது அசல் பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்பவர்களுக்கும் அந்தப் பிரதியையும் கொஞ்சம் ரொக்க முன்பணத்தையும் கொடுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் அடுத்த கடைக்குப் போங்கள். வண்டியைத் தொடும் முன் ஏற்கெனவே இருக்கும் கீறல்களைக் கடைக்காரர் முன்னிலையிலேயே வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.